அறுபது கிலோ இழுவை

நாள் 436. காலை 06:40

நிலையக் காற்றழுத்தம் சரி. தண்ணீர் 210 லிட்டர். வெளியே மைனஸ் 71. தூசு குறைவு. உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மூன்றாம் வரிசை அறுவடைக்குத் தயார்.

பதிவு எழுதுபவர் பவுலின் மிராண்டா, இயந்திரப் பொறியாளர், செவ்வாய் வடசரிவு நிலையம். ஆள் எண்ணிக்கை ஒன்று. 371ஆம் நாள் வரை இரண்டு. பனி வெட்டும் இடத்தில் சரிவு இடிந்து செல்லக்கனி அண்ணன் போய்விட்டார். கூடப் பிறந்தவர் இல்லை, கூட வேலை பார்த்தவர். ஆனால் அண்ணன்தான்.

இதுவரை நாலு வரிக்கு மேல் நான் எழுதியதில்லை. இனி கொஞ்சம் நீட்டி எழுதுவேன், ஏனென்றால் இதை வேறு யாராவது படிக்க நேரலாம். ஆறு நாளுக்கு முன் ஏறுகலத்தின் எரிபொருள் வால்வு மோட்டார் எரிந்துவிட்டது. மாற்று மோட்டார் கிடையாது. அந்த வால்வு திறந்தால்தான் எரிபொருள் தொட்டி நிரம்பும், நிரம்பினால்தான் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் தாய்க்கலத்துக்குப் போக முடியும். 530ஆம் நாள் தாய்க்கலம் பூமிக்குத் திரும்புகிறது. அடுத்த கலம் அதற்குப் பிறகு 780 நாள் கழித்து. என்னிடம் உள்ள காற்று வடிகட்டிகள் 300 நாள் தாங்கும்.

வால்வைக் கையால் திறக்க ஒரு சக்கரம் உண்டு. அதை அசைக்க அறுபது கிலோ இழுவை வேண்டும் என்று கையேடு சொல்கிறது. இன்று காலை சக்கரத்தில் இழுவை மீட்டரைக் கட்டி முழு மூச்சோடு இழுத்தேன். நாற்பத்தொன்று. இன்னும் தொண்ணூற்று நாலு நாள் இருக்கிறது.

நாள் 439. மாலை 16:15

படிப்பவர் கேட்கக்கூடிய கேள்விக்குப் பதில்: ஆமாம், கடப்பாரை போட்டுப் பார்த்தேன். சக்கரம் இருப்பது ஏறுகலத்தின் வயிற்றுக்குள், ஒரு ஆள் படுத்து நுழையும் பொந்தில். கடப்பாரையைத் திருப்ப இடமில்லை. வண்டியில் கயிறு கட்டியும் இழுத்தேன். சக்கரத்தின் மூன்று கம்பிகளில் ஒன்று ஒடிந்தது. இன்னொன்று ஒடிந்தால் கதை முடிந்தது. இனி கைதான். கை மட்டும்தான்.

கடைசியாக அந்தச் சக்கரத்தை இறுக்கியவர் செல்லக்கனி அண்ணன். தொண்ணூற்றிரண்டு கிலோ மனுஷன். ஒரு கையால் இறுக்கிவிட்டு மறுகையால் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.

நாள் 447. காலை 07:05

பயிற்சி தொடங்கி எட்டு நாள். காலை ஒன்றரை மணி நேரம் ஸ்பிரிங் பெஞ்ச். நூறு தண்டால், இருநூறு பஸ்கி. பிறகு ஆறு மணி நேரம் பனி வெட்டிச் சுமப்பது. மாலையில் மறுபடியும் பெஞ்ச். மேல்கைச் சுற்றளவு 24 சென்டிமீட்டர். எடை 47 கிலோ.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பிறந்ததிலிருந்தே ஒல்லி. எங்கள் கடலோர ஊரான உவரியில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் எனக்குப் பெயர் ஈர்க்குச்சி. சோம்பேறித்தனத்தால் வந்த ஒல்லி இல்லை. நீந்துவேன், சைக்கிள் மிதிப்பேன், அப்பாவோடு வள்ளம் தள்ளுவேன். கல்லூரியில் மூன்று வருஷம் ஒரு நாள் தவறாமல் ஜிம்முக்குப் போனேன். அங்கே ‘முன்பு, பின்பு’ என்று ஆளுயரப் போஸ்டர் ஒட்டுவார்கள். மாஸ்டர் என்னை ‘முன்பு’ படத்துக்கு எடுத்துக்கொண்டார். ‘பின்பு’ படம் எடுக்கும் நாள் வரவே இல்லை. கடைசியில் என் ‘முன்பு’ பக்கத்தில் வேறு யாரோ ஒருத்தியின் ‘பின்பு’ படத்தை ஒட்டிவிட்டார்கள்.

அதற்கெல்லாம் நான் அழுததில்லை, இப்போதும் அழப் போவதில்லை. உடம்புக்கு ஒரு பிடிவாதம் இருந்தால் எனக்கு இரண்டு இருக்கிறது.

நாள் 461. காலை 08:20

மூன்று வாரம் முடிந்தது. இழுவை 43. கை 24. எடை 46.5.

எடை குறைந்திருக்கிறது. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. வயிறு முட்டச் சாப்பிடுகிறேன். புரதக் கட்டி, அதன் மேல் மலை மாதிரி உருளைக்கிழங்கு. பசி என்பதே இல்லை.

தரைநிலையத்து உடற்பயிற்சி மருத்துவர் கோமதிநாயகத்திடமிருந்து ஒலிச்செய்தி வந்தது. இங்கே வந்து சேர பதினோரு நிமிடம் ஆகும். அப்படியே எழுதுகிறேன்:

“ஏம்மா பவுலின், கோமதிநாயகம் பேசுதேன். தப்பா எடுத்துக்காத, பச்சையாவே கேக்கேன். ஒரு நாளைக்கு நூத்திப் பன்னெண்டு கிராம் புரதம் எறங்குதுன்னு ஒங்க மெஸ் மெஷின் இங்க காட்டுது. ரெண்டு ஆள் சாப்பாடு. அதைத் தின்னுட்டு, நீ சொல்லுத எக்ஸர்சைஸும் செஞ்சா கை ஒரு சென்டிமீட்டராவது ஏறணும்லா? நெசமாவே செய்தியா, இல்ல மெஷினை ஓடவிட்டுட்டு உக்காந்திருக்கியா?”

காலை 08:50

என் பதில்:

“டாக்டர் சார், பவுலின். மெஷினை ஓடவிட்டுட்டு உக்கார இங்க என்ன டிவியில நாடகமா ஓடுது? உள்ளங்கையில தோலு இல்ல. படம் அனுப்பிருக்கேன், பாருங்க. நான் பொய் சொன்னா சாகப்போறது நீங்க இல்ல, நான்தான். வேற ஏதாவது உருப்படியா சொல்லுங்க.”

அனுப்பிய பிறகு கொஞ்சம் காரமாகிவிட்டதோ என்று தோன்றியது. ஆகட்டும்.

நாள் 475. பகல் 11:30

அவர் உருப்படியாகச் சொன்னது: பயிற்சியைக் கூட்டு. கூட்டினேன். காலை இரண்டரை மணி நேரம், மாலை இரண்டரை. பனி வெட்டும் நேரம் அதே ஆறு. உட்கார்ந்து ஓய்வெடுக்க நேரமில்லை. ஓய்வெடுத்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. எங்கள் வீட்டில் பகலில் படுத்திருந்தால் காய்ச்சலா என்றுதான் கேட்பார்கள்.

இழுவை 42. கை 23.8.

இறங்குகிறது. படிப்பவரே, இறங்குகிறது. நேற்று பனிக்கட்டி வண்டியைத் தள்ளும்போது முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் வேர்வை கண்ணில் வழிந்தது. துடைக்க முடியாது. எதிரே ஏறுகலம் வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், எழுந்து வண்டியைத் தள்ளினேன்.

தரையிலிருந்து வந்த செய்தி, இயக்குநர் அலுவலகத்துப் பெண் குரல், பெயர் சொல்லவில்லை: “மேடம், ஒங்க உடல்நிலை ரிப்போர்ட் பார்த்தோம். ஒருவேளை வால்வு திறக்க முடியாமப் போச்சுன்னா, குடும்பத்துக்கு ஏதாவது பதிவு பண்ணி வச்சுக்கறது நல்லதுன்னு டைரக்டர் நெனைக்கிறாங்க.”

பதில் அனுப்பினேன். இரண்டே வார்த்தை: “வேல இருக்கு.”

நாள் 488. பகல் 12:40

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து தப்பும். பொறுத்துக்கொள்ளவும்.

இன்று காலை இழுவை 41. ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டேன். நாற்பத்தொன்பது நாள் உழைப்பு, பூஜ்யம். சாப்பிடப் போனேன். மெஸ் மெஷினில் என் இழுப்பறை திறந்தது. ‘இன்றைய பங்கு முழுமை’ என்று வழக்கம்போலத் திரையில் எழுத்து. பார்த்ததும் எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. தட்டைத் தூக்கி மெஷின் மேலேயே எறிந்தேன்.

பக்கத்து இழுப்பறைக் கைப்பிடியில் அண்ணனின் தொப்பி தொங்கும். அவர் போன மறுநாள் நான் மாட்டியது. அதற்கப்புறம் எடுக்க மனசு வரவில்லை. தட்டு பட்டுத் தொப்பி கீழே விழுந்தது. அதன் பின்னால் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. கீழே சின்னத் திரையில் எழுத்து. அவரே முதல் வாரத்தில் விளையாட்டாகப் பதித்துவைத்த வாசகம்:

‘செல்லக்கனி, சாப்பிட வாங்க. ஆறுது.’

நூற்றுப் பதினேழு நாளாக இந்த மெஷின் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

பகல் 13:55

இப்போது பொறியாளராக எழுதுகிறேன்.

அவர் இறந்ததும் மெஷினிலிருந்து பெயரை நீக்கச் சொல்லித் தரையிலிருந்து ஒரு முறை கேட்டார்கள். அப்புறம் பார்க்கலாம் என்றேன். மனசு வராதது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் செத்துப்போன சித்தப்பாவின் பெயர் ஒன்பது வருஷம் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பெயர் போனால் அரிசி போகும். அந்தப் புத்தி என்னோடு செவ்வாய் வரைக்கும் வந்திருக்கிறது. அண்ணன் பெயர் இருந்தால் இரண்டு பங்கு வரும், இரண்டையும் நானே சாப்பிடலாம் என்று நினைத்தேன்.

மெஷினுக்கு அந்தக் கதை தெரியாது. புரதத்தை உடல் எடைப்படி பிரிக்கிறது. 92 கிலோ ஆளுக்கு 74 கிராம், 47 கிலோ ஆளுக்கு 38. அவர் பங்கை அவர் இழுப்பறைக்குள் வைக்கிறது. அவர் விரல் பட்டால்தான் திறக்கும். ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கரைத்துக் கழிவுத் தொட்டியில் விட்டுவிடுகிறது. தரையில் இருப்பவர்களுக்கு 112 கிராம் வழங்கியதாகக் கணக்குப் போகிறது.

எனக்கு வந்தது 38 கிராம். அதை வைத்துக்கொண்டு நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உடம்பை முறித்திருக்கிறேன். உருளைக்கிழங்கு வயிற்றை நிரப்பிப் பசியை மறைத்துவிட்டது. கட்டுவதற்குச் செங்கலே கொடுக்காமல் கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பகல் 14:10

திருப்புளி வைத்து அவர் இழுப்பறையை நெம்பித் திறக்கலாமென்று தோன்றியது. ஆனால் இன்றையது கரைந்துபோயிருக்கும். முதலில் பெயரை நீக்கப் போனேன். மெஷின் காரணம் கேட்டது. மூன்று பொத்தான்கள்: இடமாற்றம், விடுப்பு, இறப்பு. விடுப்பை அழுத்தக் கை போனது. விடுப்பு என்றால் பங்கு அப்படியே காத்திருக்கும் என்று கீழே போட்டிருந்தது.

இறப்பை அழுத்தினேன். திரையில் என் பெயர் மட்டும் மிஞ்சியது. அப்புறம் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழ மாட்டேன் என்று முன்னால் எழுதியதை அடித்துவிடவும்.

நாள் 489. காலை 07:30

நடந்ததை எல்லாம் நேற்றே மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவருடைய பதில்:

“பவுலினு... ஒன்னைய பொய்க்காரின்னு சொல்லிட்டேனே. மன்னிச்சுக்கம்மா. கணக்கைப் பாத்தேனே தவிர தட்டைப் பாக்கல. எங்க வீட்டுக் கார்டுலயும் மாமனாரு பேரு இன்னும் கெடக்கு, அவரு போயி நாலு வருசமாச்சு. அதான் எனக்கும் தோணல. சரி, இப்பக் கேளு. நாப்பத்தோரு நாள் இருக்கு. மெஷின்ல ஒன் பங்கை இங்கருந்தே ஏத்திட்டேன், நூத்திப் பத்து கிராம் தின்னு. நாலு வேளையாப் பிரிச்சுத் தின்னு. பயிற்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும், ஆனா கனமா. பனி வெட்டப் போகாத. இருக்க தண்ணிய வச்சு ஓட்டு. மிச்ச நேரம் படு. வெக்கப்படாமப் படு. இது என் உத்தரவு.”

படுத்தேன். பகல் பத்து மணிக்கு, கையைக் காலை நீட்டி. குற்றவாளி மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். நிலையத்து ஒலிப்பதிவில் கேட்டேன்.

நாள் 505. மாலை 17:00

இழுவை 47. கை 24.6.

கல்லூரி நாளிலிருந்து இந்தக் கையை அளந்து வருகிறேன். அரை சென்டிமீட்டர் ஏறியதே இல்லை. நாடாவை மூன்று முறை சுற்றிப் பார்த்தேன். மூன்று முறையும் 24.6. கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிக் காட்டினேன். எலுமிச்சை அளவுக்கு ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன்.

புரதக் கட்டியின் ருசி ஊறப்போட்ட கருவாடு மாதிரி. நாலு வேளையும் அதேதான். குமட்டுகிறது. குமட்டட்டும்.

நாள் 521. காலை 09:10

இழுவை 54. கை 25.3. எடை 49.8.

தண்ணீர் 38 லிட்டர். குளியல் இல்லை. துணி துவைப்பதில்லை. குடிக்க மட்டும். இயக்குநர் அலுவலகப் பெண் மறுபடி பேசினார். இம்முறை பெயர் சொன்னார், மிருதுளா. “மேடம், இங்க எல்லாரும் தினமும் ஒங்க நம்பரைத்தான் கேக்கறாங்க. கேன்டீன் போர்டுல எழுதி வச்சிருக்காங்க.” எந்த நம்பர் என்று கேட்டேன். இருபத்திரண்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது: “இழுவை, மேடம்.”

ஆறு கிலோ குறை. ஒன்பது நாள் இருக்கிறது.

நாள் 528. பகல் 10:45

இழுவை 57. நேற்றும் 57. அதற்கு முந்தின நாளும் அதேதான். ஏறுவது நின்றுவிட்டது. இன்னும் ஒரு மாதம் இருந்தால் அறுபதைத் தாண்டிவிடுவேன். இருப்பது இரண்டு நாள்.

மருத்துவர்: “அம்பத்தேழுக்கு மேல இழுத்தா தசை ஏறாது, நாருதான் அறும். தோள் கிழிஞ்சா அப்புறம் ஒரு கையால ஏறுகலத்தை ஓட்டணும். நான் இழுன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லம்மா.”

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வால்வின் உறை அலுமினியம், தண்டு எஃகு. வெயில் ஏறினால் அலுமினியம் கூடுதலாக விரியும், பிடி கொஞ்சம் தளரும். பகல் ஒரு மணிக்குக் கலத்தின் தென்புறம் நன்றாகச் சூடாகிறது. என் கணக்குப்படி அதில் இரண்டு கிலோ குறையும். இரண்டு கிலோவை வெயில் தரும். ஐம்பத்தேழு என்னிடம் இருக்கிறது. மீதி ஒரு கிலோவுக்கு ரோஷம் போதும்.

இன்றும் நாளையும் பயிற்சி கிடையாது. தின்பதும் தூங்குவதும்தான்.

நாள் 530. பகல் 12:20

வெளியே மைனஸ் 19. காற்று இல்லை. புறப்பாட்டுக்கு 15:40 வரை நேரம் உண்டு. மருத்துவருக்கு அனுப்பியது: “சார், போய்ப் பாக்கேன். போர்டுல எழுதச் சொல்லுங்க, அறுபதுன்னு. நான் வந்து கையெழுத்துப் போடுதேன்.”

பொந்துக்குள் போகிறேன்.

நாள் 530. பகல் 14:05

ஏறுகலத்திலிருந்து. இடது கை. மெதுவாகத்தான் எழுத வரும்.

முதல் இழுப்பு அசையவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதில் கம்பி முனகியது. ஒடிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். படுத்தபடியே ஹெல்மெட் கண்ணாடியில் என் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் போயிற்று. வெயில் நகர்ந்துகொண்டிருந்தது.

நாலாவது இழுப்பில் தோளுக்குள் ஏதோ அறுந்தது. சத்தம் கேட்டது. விட்டிருக்க வேண்டும். விடவில்லை. கத்தினேன். முப்பத்தாறு வருஷமாக ஈர்க்குச்சி என்று சொன்ன ஒவ்வொருத்தர் பெயரையும் சொல்லிக் கத்தினேன். மாஸ்டர் பெயரும் அதில் உண்டு.

சக்கரம் திரும்பியது.

கால் சுற்று. அப்புறம் லேசாகிவிட்டது. மீதி ஐந்தே முக்கால் சுற்றும் இடது கையால்.

14:19

தொட்டி 71 சதவீதம். இனி மூட முடியாது. நிரம்பியதும் கிளம்ப வேண்டும். வலது கை தொங்குகிறது. பெல்ட்டைப் பல்லால் கடித்து மாட்டினேன்.

மருத்துவர் கேட்டார்: “கை எப்படிம்மா இருக்கு? வீக்கம் எவ்வளவு?”

நாடா சுற்றினேன். முப்பத்தொன்று. அவருக்குச் சொன்னேன், “சார், எழுதிக்கிடுங்க. ஒருவழியா கை பெருத்துட்டு.” பதினோரு நிமிடம் கழித்துத்தான் சிரிப்பார். அல்லது அழுவார். கேட்க நான் இங்கே இருக்க மாட்டேன்.

14:33

94. ஜன்னல் வழியே அண்ணன் மேல் நான் அடுக்கிய கல் குவியல் தெரிகிறது. இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று ஒரு ஜெபம் சொல்லலாம் என்றிருந்தேன். நேரமில்லை. இந்தக் கையோடு இறங்கினால் மறுபடி ஏற முடியாது.

எங்கள் ஊரில் கிளம்பும்போது யாரும் போறேன் என்று சொல்ல மாட்டார்கள். சாவு வீட்டில்கூட, சொல்லாமல்தான் எழுந்து வருவார்கள். மற்ற எல்லா இடத்திலும் போயிட்டு வாறேன்தான். காலையில் பனி வெட்டப் போகும்போது தினமும் அவரிடம் அப்படித்தான் சொல்வேன். அவரும் கடைசி நாள் என்னிடம் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்.

14:37

99.

பொய் சொல்ல மாட்டேன். திரும்பி வர மாட்டேன்.

அண்ணே, நான் போறேன்.